நடவடிக்கைக் குறிப்பில் சேராதவை

தீர்மானம் ஒரே வரிதான்.
கியூபாவின் மீதுள்ள வணிகத் தடையை விலக்கும்படி
நெல் விளைவிப்போர் சங்கம்
அரசைக் கேட்டுக்கொள்கிறது.
எழுதியவள் நான்.
அரவை ஆலையில் எடைமேடை பார்ப்பவள்;
கையெழுத்து சுத்தமாக இருக்கிறதென்று
செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

மேசையில் மாதிரித் தட்டு:
இந்த வருடத்து ஆர்கன்சா அரிசி,
நீளமாய், வெள்ளையாய்.

ஆர்வல் கெஸ்லர் முதலில் எழுந்தார்.
"நம் படகுத்துறையில் ஏற்றிவிட்டால்
மிசிசிப்பியே இழுத்துக்கொண்டு போகும்.
கடலைத் தொட்டபின் இரண்டு மூன்று நாள், ஹவானா.
அவர்களோ வியட்நாமிலிருந்து வாங்குகிறார்கள்,
பாதி உலகம் சுற்றி.
அந்த வியட்நாமில்தான் என் தம்பி டுவைட்
அறுபத்தெட்டில், ஒரு நெல்வயலில், முழங்கால் சேற்றில்…"
அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.
"அவர்களோடு ராசியாகிவிட்டோம்.
இந்தச் சட்டை அவர்கள் தைத்தது."
காலரைத் திருப்பிக் காட்டினார்.
சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

லானி ப்ரூயிட் கணக்கோடு வந்திருந்தான்.
அரிசி விற்க இப்போதும் சட்டம் இடம் தருகிறது,
காசு முன்னால் வரவேண்டும், அவ்வளவுதான்.
கடன் மட்டும் கூடாது.
"கடன் இல்லாமல் எந்த ஊரில் நெல் விற்றிருக்கிறது?
விதைக்கே நான் கடன்காரன்."

பிறகு கரிதாத் மேசையருகே வந்தாள்.
மாட்டு வைத்தியர். நூற்றறுபது ஏக்கர் அவள் பெயரில்,
ஆகவே ஒரு ஓட்டும்.
"என் அப்பா ஒன்பது வருடம் உள்ளே இருந்தார்,
ஒரு கடிதத்துக்காக.
வெளியே வந்தபோது வாயில் பல் இல்லை.
உங்கள் மூட்டையைத் துறைமுகத்தில் இறக்கப்போவது யார்?
ரொட்டிக்கடைக்காரனா?
அந்தக் கதவைப் பூட்டியவன்தான் வாங்குவான்,
அவன்தான் அளந்து கொடுப்பான்."

இத்தனை வருடத் தடையில்
அவன் ஒரு சுற்றும் மெலியவில்லையே, என்றது ஒரு குரல்.

"இல்லை" என்றாள்.
"மெலிந்தது என் அக்கா."

அக்கா மத்தான்சாஸில்.
மாதாமாதம் ஒரு பெட்டி போகிறது:
தையல் ஊசி, ஆஸ்பிரின், குழாய்க்கு ரப்பர் வளையம்,
ஒருமுறை ஒற்றைக் காலணி, இடது.
எந்த வழியில் போகிறதென்று நான் கேட்டதில்லை.
மூட்டைத் தராசில் அதை
எடை போட்டுக் கொடுப்பவள் நான்தான்.

"அப்படியானால் கை தூக்கேன்" என்றான் லானி.
அவள் பதில் சொல்லவில்லை.
அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன்.
பேச ஆரம்பித்ததிலிருந்து அவை
மாதிரித் தட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தன.

மூன்று சல்லடை, ஒரு காந்தம்,
கறுப்பு மணியைக் கண்டால் ஊதித் தள்ளும் ஒளிக்கண்,
எல்லாம் தாண்டி வந்த அரிசி.
கல் கிடையாது. சத்தியம் செய்வேன்.
ஆனாலும் தேடினாள்,
குருணையை ஓரமாய் ஒதுக்கி,
வரிசையில் நின்று வாங்கியதைப் போல.

ஒன்பது வருடத்தை இந்தப் பக்கம் வை,
காலணியை அந்தப் பக்கம் வை என்பார்கள்.
என் எடைமேடைக்கு ஒரே தட்டு.
ஏறியதன் கனத்தைச் சொல்லும்.
எதைவிடக் கனம் என்று சொல்லாது.

ஆதரிப்பவர்கள், என்றார் தலைவர்.
எட்டுக் கைகள்.
ஒன்பதாவது காது வரை வந்து நின்றது.
அது ஆர்வலுடையது.

எப்படி எண்ணுவதென்று நான் யோசிக்கும்போதே
தகரக் கூரையில் மழை.
வெளியே ஆறு லாரி நெல், மூடாமல்.
தடையாவது, தீர்மானமாவது,
நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு
தார்ப்பாய்க்கு ஓடினார்கள்.

"வாக்கெடுப்பு முடியவில்லை. மழை"
என்று எழுதினேன்.
அந்தக் கையை எழுதவில்லை.

கரிதாத் குருணையை மறுபடி தட்டிலேயே
வழித்துப் போட்டாள்.
"செவ்வாய்க்கிழமை பெட்டி கொண்டுவருவேன்.
பன்னிரண்டு பவுண்டு தாண்டக்கூடாது.
சரியாகப் பார்த்துச் சொல்."